கடலில் இறங்குமிடம்



நிலநூல் வகுப்பில், வியாபாரக் காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்று ஆசிரியர் கேட்டால், உடனே விடை சொல்ல நால்வராவது எழுந்து நிற்பர். அதை அறிந்ததனால் யாது பயன் என்று கேட்டால் வகுப்பு வாய்திறவாது. தேர்வில் இரண்டு மதிப்பெண் கிடைக்கும் என்பதே பலருக்குத் தெரிந்த பயன். கற்ற பாடம் ஒருவருடைய உயிரைக் காக்கவும், அவர் கண்ணுக்கு விருந்தளிக்கவும் உதவும் என்பதற்கு இன்று ஓர் எடுத்துக்காட்டுக் கூற விரும்புகிறேன்.

கரிபியன் கடலிலுள்ள தீவு ஒன்றுக்கு ஒருவர் விடுமுறையில் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படகு அமர்த்தாமல், கரையிலிருந்தே நீரில் இறங்கி, பவழப்பாறைகளையும் அவற்றில் வாழும் மீன்களையும் காண வேண்டும் என்பது அவர் விருப்பம். இதனை ஸ்நார்க்கலிங் என்பார்கள். இதற்குக் கருவிகள் மூன்றே. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி முகமூடி ஒன்று. வாயில் கவ்விக்கொள்ளும் மூச்சுக்குழல் ஒன்று. காலில் அணியும் துடுப்பு ஓரிணை. நீர்ப்பரப்பில் குப்புறப் படுத்து மிதந்துகொண்டு, குழலின் வழியே மூச்சுவிட்டு, கீழே உள்ள உலகத்தைக் காணலாம். தீவைச் சுற்றிலும் கடல்தான் இருக்கிறது. ஆயினும் எவ்விடத்தில் இறங்குவது? இந்தக் கேள்விக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

அழகான கடற்கரையே நல்ல இறங்குமிடம் என்று பலர் எண்ணுகிறார்கள். இது பிழையான எண்ணம். நீண்ட வெண்மணற்பரப்பு நடப்பதற்கு இனியது. ஆனால் நீருக்குள்ளும் மணலே பரந்திருந்தால் அங்கே காண்பதற்கு மிகுதியாக ஒன்றும் இராது. மீன்களுக்கு ஒளிவிடம் வேண்டும், இரை வேண்டும். அவை பாறையிலும் பவழத்திலும் கடற்புல்லிலும்தான் கிடைக்கும். இனி, நீருக்குள் எத்துணை அழகு இருந்தாலும், இறங்கியவர் ஏறிவர இயலாத இடமாயின் அதுவும் நல்ல இடம் ஆகாது. ஆகவே நான் கூறும் இலக்கணம் இதுதான்: நாம் இறங்கினால் நலமாக மீளக்கூடிய இடமாகவும், நாம் வந்து சென்றதனால் கெடாத இடமாகவும் இருப்பதே நல்ல இடம். இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு தீவை எடுத்துக்கொண்டு பேசுவது நன்று. தென் அமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டுக் கரைக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் பொனேர் என்னும் தீவு உள்ளது. அதன் பரப்பு 288 சதுர கிலோமீட்டர். 2010ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் முதல் அது நெதர்லாந்து நாட்டின் தனி நகராட்சிகளுள் ஒன்றாக இருந்துவருகிறது. தலைநகரம் கிராலன்டைக். மக்கள் பேசுவது பாப்பியமெந்து என்னும் கலப்பு மொழி. வானம் வறண்ட தீவு அது. ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. கள்ளிச் செடிகளும் முட்புதர்களும் மிகுந்த அந்தத் தீவுக்கு உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் செல்வது அதன் கரையோரக் கடலைக் காண்பதற்காகவே.

இறங்குமிடம் தேடுவோர் முதலில் நோக்க வேண்டியது காற்று. கரிபியன் பகுதியில் ஆண்டின் பெரும்பகுதியில் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வியாபாரக் காற்று வீசுகிறது. அது அட்லாண்டிக் மாகடலைக் கடந்து வருகிறது. நெடுந்தொலைவு காற்றால் தள்ளப்பட்ட அலைகள் தீவின் கிழக்குக் கரையில் வந்து மோதுகின்றன. மேற்குக் கரையோ தீவின் நிலத்தாலேயே மறைக்கப்பட்டு அமைதியாக இருக்கிறது. முன்னதைக் காற்றெதிர்ப் பக்கம் என்றும், பின்னதைக் காற்றொதுங்கும் பக்கம் என்றும் வைத்துக்கொள்வோம். பொனேர் தீவில் கரையிலிருந்து இறங்குவதற்குப் பெயர்பெற்ற இடங்கள் பெரும்பாலும் மேற்குக் கரையிலேயே இருப்பதற்குக் காரணம் இதுதான். அத்தீவின் வடபகுதியில் 1969இல் நிறுவப்பட்ட வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்காவில் இவ்வேற்றுமையை ஒரே நாளில் காணலாம். மேற்கே உள்ள ஸ்லாக்பாய் குடாவில் மக்கள் அமைதியாக மிதந்து மீன்களைக் காண்கிறார்கள். கிழக்கே உள்ள சிக்கீட்டு என்னும் மணற்கரை அதனினும் அழகியது; ஆனால் அங்கே நீரில் இறங்குவது உயிருக்கு இறுதி. அழகைக் கண்டு மயங்குபவர் தவறான பக்கத்தில் இறங்கிவிடுவார். காற்றின் திசையை அறிந்தவர் இறங்கமாட்டார்.

இந்த விதி பொனேருக்கு மட்டும் உரியதன்று. பார்படோஸ் தீவில் கிழக்கே பாத்ஷீபா என்னுமிடத்தில் பேரலைகள் எழுகின்றன. மேற்குக் கரையில் குழந்தைகளும் நீந்துகிறார்கள். பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட குவாதலூப் தீவில் பேராமைகள் மேயும் மாலந்தூர் கடற்கரையும் மேற்கு நோக்கியதே. அந்தத் தீவின் பெயரை நம் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேறொரு காரணமும் உண்டு. 1854ஆம் ஆண்டு முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பலேறிய தமிழர் பலர் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்க அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர்.

விதியை அறிந்தவுடன் அதற்குரிய விலக்கையும் அறிய வேண்டும். விலக்கை அறியாமல் விதியை மட்டும் நம்புவது ஆபத்து. 1999ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் லென்னி என்னும் சூறாவளி கரிபியன் கடலில் தோன்றியது. வழக்கமாகக் கிழக்கிலிருந்து மேற்காகச் செல்லும் புயல்களுக்கு மாறாக, அது மேற்கிலிருந்து கிழக்காகச் சென்றது. பொனேர் அதன் பாதையிலிருந்து தொலைவில் இருந்தபோதிலும், என்றும் அமைதியாக இருந்த மேற்குக் கரையைப் பேரலைகள் தாக்கின. ஆழமற்ற நீரில் இருந்த பவழங்கள் உடைந்து சிதறின. எனவே, வரைபடத்தில் மேற்குக் கரை என்று குறித்திருப்பது மட்டும் போதாது. அன்றைய காற்று எத்திசையில் வீசுகிறது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

பருவத்தாலும் இம்மாறுதல் வரும். அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட வர்ஜின் தீவுகளில் செயின்ட் ஜான் என்பது ஒன்று. அதன் நிலத்தில் பெரும்பகுதி 1956இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. வடகரையில் டிரங்க் பே என்னும் குடாவில் நீருக்கடியிலேயே பெயர்ப்பலகைகள் நாட்டிப் புதியவர்களுக்கு வழிகாட்டுகிறார்கள். கோடையில் அந்த இடம் குளம்போல் இருக்கும். ஆனால் குளிர்காலத்தில், வட அட்லாண்டிக்கில் தொலைவில் எழும் புயல்களால் உண்டாகும் நெட்டலைகள் வடகரையை வந்தடைகின்றன. தீவில் காற்றே இராது, வானம் தெளிந்திருக்கும். எனினும் கரையில் அலை எறியும். அந்நாட்களில் விவரம் அறிந்தவர்கள் தென்கரையிலுள்ள சால்ட் பாண்ட் குடா போன்ற இடங்களை நாடுவர். வடகரையா தென்கரையா என்பதற்கு ஒரே விடை இல்லை. எந்த மாதத்தில் என்று கேட்டால்தான் விடை உண்டு.

இரண்டாவதாக நோக்க வேண்டியது நீரின் ஆழமும் அடித்தளமும். இங்கே உங்கள் பௌதிகப் பாடம் துணைக்கு வருகிறது. கதிரவன் ஒளியில் உள்ள நிறங்களை நீர் ஒரே அளவில் உட்கொள்வதில்லை. சிவப்பு நிறம் முதலில் மங்குகிறது. சில மீட்டர் ஆழத்திலேயே அதன் பெரும்பகுதி மறைந்துவிடும். நீலம் நெடுந்தொலைவு செல்லும். ஆகையால் ஆழத்தில் உள்ள பவழம் நீலமும் சாம்பலுமாகவே தோன்றும். ஒன்று முதல் ஐந்து மீட்டர் ஆழத்தில் உள்ளதே தன் உண்மை நிறத்தைக் காட்டும். மேற்பரப்பில் மிதப்பவருக்கு அத்தகைய ஆழமற்ற பாறையே ஏற்றது. ஆழத்தில் உள்ள பெரிய பாறைத்தொடரைவிட, கரையருகே உள்ள சிறிய பாறைக்கூட்டம் அவருக்கு மிகுதியாக விருந்தளிக்கும். மேலும், முகமூடியின் கண்ணாடிக்கும் நீருக்கும் இடையே ஒளி விலகுவதால், நீருக்குள் உள்ள பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரியனவாகவும், தொலைவில் கால்பங்கு குறைந்து அண்மையில் இருப்பனவாகவும் தோன்றும். கைக்கு எட்டும் என்று தோன்றுவது எட்டாது. முதன்முறை இறங்குபவர் இதனை அறிந்திருத்தல் நல்லது.

பொனேரின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. அதன் மேற்குக் கரையை ஒட்டியே பவழப்பாறை அமைந்திருக்கிறது. கரையிலிருந்து ஆழமற்ற மேடை ஒன்று நீண்டு, பல இடங்களில் நூறு மீட்டருக்குள்ளாகவே பாறைச் சரிவாக மாறி ஆழத்துக்கு இறங்குகிறது. ஆகவே படகின் உதவி இல்லாமலே அதனை அடையலாம். இறங்குவதற்கு வழியுள்ள இடங்களைச் சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களில் பெயரெழுதிக் குறித்திருக்கிறார்கள். ஆறுகள் இல்லாத வறண்ட தீவாதலின் சேறு கடலில் கலப்பது குறைவு; நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். மலையும் காடும் ஆறும் நிறைந்த தீவுகளில் இந்த வசதி இல்லை. அங்கே மழை பெய்த மறுநாள் ஆற்றுமுகத்துக்கு அருகில் இறங்குவது வீண். கலங்கிய நீரில் ஒன்றும் தெரியாது, நிலத்திலிருந்து அடித்துவரப்பட்ட அழுக்கும் அதில் இருக்கும்.

பாறை மட்டுமே காணத்தக்கது என்று எண்ண வேண்டாம். கடற்புல் வளர்ந்த தளங்களில் பேராமைகள் மேயும். பொனேரின் தென்கிழக்கே லாக் என்னும் விரிகுடா உள்ளது. அது காற்றெதிர்ப் பக்கத்தில் இருந்தபோதிலும், அதன் வாயிலில் பவழப்பாறை அணைபோல் நின்று அலைகளைத் தடுக்கிறது. உள்ளே கடற்புல்லும் அலையாத்திக் காடும் செழித்திருக்கின்றன. பாறைகளில் நாம் காணும் மீன்களுள் பல, குஞ்சுப்பருவத்தை இந்த மரங்களின் வேர்களுக்கிடையே கழித்தவையே. நான் முன்பு கூறிய விதிக்கு இதுவும் ஒரு விலக்கு. ஆயினும் விலக்குக்கும் காரணம் உண்டென்பதைக் கவனியுங்கள். அந்த அணைக்கு வெளியே சென்றால் மீண்டும் பேரலைதான்.

மூன்றாவது, இறங்கும் வழியும் ஏறும் வழியும். "ஆழமறியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் வாக்கு. கடலுக்கு நான் அதனைச் சற்று நீட்டிச் சொல்வேன்: ஏறும் வழி அறியாமல் இறங்காதே. இறங்குவது எளிது, அலை நம்மை ஏற்றுக்கொள்ளும். களைத்துத் திரும்பும்போது அதே அலை நம்மைப் பாறையில் மோதும். பல கரிபியன் தீவுகளில் கரையோரம் பழைய பவழச் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. கடல்நீர் அரித்த அக்கல் கத்திபோல் கூர்மையாக இருக்கும். அதில் வெறுங்காலுடன் நிற்கவும் இயலாது. பொனேரில் வானூர்தி நிலையத்துக்கு அருகிலுள்ள தே அமோ கடற்கரைபோல் மணல் வழியாக இறங்கும் இடங்கள் புதியவர்களுக்கு ஏற்றவை. வடக்கே "ஆயிரம் படிகள்" என்றொரு புகழ்பெற்ற இடம் உண்டு. உண்மையில் எண்ணிப் பார்த்தால் நூறு படிகளும் இரா. கருவிகளைச் சுமந்துகொண்டு ஏறுபவருக்கு ஆயிரம்போல் தோன்றுவதால் இந்தப் பெயர் ஏற்பட்டது. நீந்திக் களைத்த பின் அந்தப் படிகளை ஏறுவதற்கு வலிமை மீதி இருக்க வேண்டும் என்பதை அப்பெயரே நமக்கு உணர்த்துகிறது.

இறங்குவதற்கு முன் கரையில் பத்து நிமிடம் நின்று கடலைப் பார்க்க வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தை வீணான காலம் என்று கருதுகிறவர்களே பெரும்பாலும் இடர்ப்படுகிறார்கள். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. சிறிய அலைகள் சில வந்த பின், பெரிய அலைகள் கூட்டமாக வரும். ஒரு நிமிடம் மட்டும் பார்த்தவர் சிறிய அலைகளையே கண்டு, கடல் அமைதியாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுவார். கரையில் நுரை எங்கே எழுகிறது, எங்கே எழவில்லை, மற்றவர்கள் எவ்வழியாக ஏறுகிறார்கள் என்பவற்றையெல்லாம் அந்தப் பத்து நிமிடம் கற்பிக்கும். திரும்பும்போது இடம் தெரியும்படி, கரையில் ஒரு மரத்தையோ வீட்டையோ அடையாளம் வைத்துக்கொள்ளவும் வேண்டும். நீரில் குப்புறப் படுத்துக் கீழே நோக்குபவர் தாம் எவ்வளவு தொலைவு வந்துவிட்டோம் என்பதை உணர்வதில்லை.

நான்காவது, நீரோட்டமும் படகுப் போக்குவரத்தும். கரிபியன் கடலில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் அரை மீட்டருக்கும் குறைவு. ஆகவே ஓதத்தைப் பற்றிய கவலை அங்கே குறைவுதான். ஆனால் நிலமுனைகளிலும், தீவுகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய வழிகளிலும் நீரோட்டம் வலுக்கும். ஆறு குறுகும் இடத்தில் விரைவு மிகுவதுபோலவே இதுவும். கிராலன்டைக்குக்கு எதிரே கிளைன் பொனேர் என்னும் சிறு தீவு, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் தெரிகிறது. நீந்தியே சென்றுவிடலாம் என்று ஆசை எழும். அது பேதைமை, இடையில் படகுகள் விரைகின்றன, நீரோட்டமும் உண்டு. அங்கே செல்ல விரும்புவோர் படகில் சென்று, ஓட்டத்தின் போக்கிலேயே மிதந்து, கீழ்ப்பக்கத்தில் கரையேறுகிறார்கள். கரையிலிருந்து தனியாக இறங்குபவருக்கு முறை வேறு. முதலில் நீரோட்டத்துக்கு எதிராகச் செல்ல வேண்டும். களைப்பு வந்தபின் அதன் துணையோடு திரும்பலாம். உழைப்பை முதலில் செய்தவனுக்கு ஓய்வு பின்னால் கிடைக்கும் என்பது கடலிலும் உண்மையாக இருக்கிறது! பொனேரின் தெற்கே உப்பு ஏற்றுமதிக்கான துறைமேடை உள்ளது. அதன் தூண்களில் கடற்பஞ்சுகளும் பவழங்களும் படர்ந்து, நிழலில் மீன்கள் கூட்டமாக நிற்கும். ஆனால் கப்பல் நிற்கும் வேளையில் அங்கே இறங்குவது தடை செய்யப்பட்டிருக்கிறது. இத்தகைய தடைகள் நம் மகிழ்ச்சியைக் கெடுப்பதற்காக ஏற்பட்டவை அல்ல.

ஐந்தாவது, நம் உடல். எத்துணை நல்ல இடமாயினும் இறங்குபவர் அதற்கு ஏற்றவராக இல்லாவிட்டால் அது தீய இடமே. மூச்சுக்குழல் ஏன் சாண் இரண்டளவாகக் குட்டையாக இருக்கிறது என்று சிந்தித்ததுண்டா? நீளமான குழல் இருந்தால் ஆழத்திலிருந்தபடியே மூச்சுவிடலாமே என்று தோன்றும். ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீர் நம் மார்பைக் காற்றுமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு மிகுதியாக அழுத்துகிறது. அந்த அழுத்தத்துக்கு எதிராக மார்பை விரித்து மேலேயுள்ள காற்றை இழுக்கத் தசைகளால் இயலாது. அன்றியும், குழல் நீண்டால் நாம் வெளிவிட்ட காற்றே அதில் தங்கி மீண்டும் உள்ளே வரும். இவ்வுண்மையை அறியாமல் வேடிக்கையாக நீண்ட குழல் செய்து பார்ப்பது கொடிய விளையாட்டு.

இன்னொரு விளையாட்டும் உண்டு. விரைவாகப் பலமுறை பெருமூச்சுவிட்டு, பிறகு மூச்சையடக்கி ஆழத்துக்குச் செல்வது. மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பை நமக்கு உண்டாக்குவது உடலில் சேரும் கரியமில வாயு. பெருமூச்சுவிட்டு அந்த வாயுவைப் போக்கிவிட்டால் தவிப்பு எழாது; பிராணவாயுவோ தீர்ந்துகொண்டே இருக்கும். தவிப்பு தோன்றுமுன்னரே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்களே இவ்வாறு உயிரிழக்கிறார்கள். ஆதலால் மாணவர்களே, மூச்சடக்கும் போட்டி வேண்டாம். தனியே இறங்க வேண்டாம். இருவராக இறங்கி, ஒருவரையொருவர் கண்பார்வையில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு இரைத்தால் நீரில் நின்று முயலாமல் உடனே கரை திரும்புங்கள். நீந்தத் தெரியாதவர் மிதவைச் சட்டை அணிந்தும் ஆழத்தை நாடலாகாது.

இதுவரை இறங்குபவர் நலத்தைப் பேசினேன். இனி, இறங்கும் இடத்தின் நலம். பவழம் கல் அன்று, அது உயிர். சின்னஞ்சிறு உயிரினங்கள் கூட்டமாக வாழ்ந்து, சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய மாளிகை அது. நம் முழங்காலளவு உயரமுள்ள பாறைப்பவழம் வளர ஒரு மனிதனின் வாழ்நாளும் செல்லக்கூடும். துடுப்புக் காலின் ஒரு வீச்சு அதனை உடைத்துவிடும். நிற்பதற்கு இடம் தேடி அதன்மேல் கால் வைப்பவர் பல ஆண்டுகளின் வளர்ச்சியை மிதிக்கிறார். ஆகையால் மணல்திட்டுக்களும் பாறையில்லாத வழிகளும் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுப்பது நம் காலுக்கும் நல்லது, பவழத்துக்கும் நல்லது.

பொனேர் மக்கள் இதனைப் பிறருக்கு முன்பே உணர்ந்தார்கள். மீன்களை ஈட்டித்துப்பாக்கியால் வேட்டையாடுவதை 1971இல் தடை செய்தார்கள். 1979இல் தீவைச் சுற்றிலும், கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம்வரை உள்ள கடல் முழுவதையும் கடற்பூங்காவாக்கினார்கள். படகுகள் நங்கூரம் பாய்ச்சினால் பவழம் உடையும் என்று, நிலையான மிதவைகளை அமைத்து அவற்றில் படகுகளைக் கட்டச் செய்தார்கள். நீரில் இறங்குவோர் கையுறை அணிவதும் அங்கே தடை. கையுறை அணிந்தவன் எதையும் பற்றத் துணிவான். வெறுங்கையன் அஞ்சி விலகுவான். விதி வகுத்தவர்கள் மனித இயல்பை எவ்வளவு நன்றாக அறிந்திருக்கிறார்கள், பாருங்கள்! வெயிலுக்காக உடலில் பூசும் சில களிம்புகளிலுள்ள இரசாயனப் பொருள்கள் பவழத்துக்குத் தீங்கு செய்யும் என்று கருதி, வர்ஜின் தீவுகளில் 2020இலும் பொனேரில் 2021இலும் அத்தகைய களிம்புகளின் விற்பனையைத் தடுத்தார்கள். நீண்ட கையுள்ள சட்டை அணிந்து இறங்கினால் களிம்பின் தேவையே குறைந்துவிடும்.

இவ்வளவு செய்தும் அந்தப் பாறைகள் முழு நலத்துடன் இருக்கின்றன என்று நான் சொல்ல முடியாது. 1983ஆம் ஆண்டில் பனாமாவுக்கு அருகே தொடங்கிய ஒரு நோய், ஏறத்தாழ ஓராண்டுக்குள் கரிபியன் கடல் முழுவதும் பரவி, நீண்ட முட்களையுடைய கரிய கடல் முள்ளெலிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றைக் கொன்றது. பாறையின்மேல் படரும் பாசியைத் தின்பவை அவை. அவை மறைந்தபின் பாசி படர்ந்து, இளம் பவழம் பற்றுவதற்கு இடமில்லாமல் செய்தது. 2022இல் மீண்டும் அவ்வுயிர்கள் பல இடங்களில் மடிந்தன. பாசியைத் தின்னும் மற்றோர் உயிர் கிளிமீன். அது பாறையைக் கொறித்து அரைத்து, வெண்மணலாக வெளியிடுகிறது. கடற்கரையில் நாம் நடக்கும் மணலில் அதன் பங்கும் உண்டு. பொனேரில் 2010 முதல் அதனைப் பிடிப்பது தடை. 2014இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தோன்றிய மற்றொரு பவழநோய் தீவுக்குத் தீவு தாவி, 2023இல் பொனேரையும் அடைந்தது. அதே ஆண்டில் கடல்நீர் அளவுக்கு மீறி வெப்பமடைந்ததால் கரிபியன் பகுதியெங்கும் பவழங்கள் நிறமிழந்து வெளுத்தன. ஒரு தளத்தில் நோய் கண்டிருப்பதாக அறிவிப்பு இருந்தால், அங்கே இறங்காமலிருப்பதே அறிவுடைமை. ஒரு தளத்தில் இறங்கியபின் அடுத்ததில் இறங்குமுன் கருவிகளை நன்கு கழுவி உலர்த்துவதும் கடமை. நோய் நம் மூலமாகப் பரவலாகாது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பவர் அதன் வரலாற்றையும் சிறிது அறிந்துகொள்ளட்டும். பொனேரின் தென்மேற்குக் கரையில், சிறந்த இறங்குமிடங்கள் சிலவற்றின் அருகே, மிகச் சிறிய கற்குடில்கள் வரிசையாக நிற்கின்றன. 1850ஆம் ஆண்டளவில் உப்பளத்தில் உழைத்த அடிமைகள் இரவில் தங்குவதற்காகக் கட்டப்பட்டவை அவை. வளர்ந்த மனிதர் ஒருவர் அவற்றின் வாயிலில் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே நிமிர்ந்து நிற்க இடமில்லை. கொளுத்தும் வெயிலில், கண்ணைக் கூசவைக்கும் உப்பின் நடுவே உழைத்த அம்மக்கள், தம் குடும்பத்தார் வாழ்ந்த ரிங்கோன் என்னும் ஊருக்கு வார இறுதியில் பல மணிநேரம் நடந்து சென்றனர். 1863இல்தான் நெதர்லாந்து தன் கரிபியன் ஆட்சிப்பகுதிகளில் அடிமைமுறையை ஒழித்தது. இன்று நாம் மகிழ்ச்சிக்காக இறங்கும் அதே கடலை அவர்கள் எவ்வாறு பார்த்திருப்பார்கள்? முகமூடியை அணியுமுன் அந்தக் குடில்களின் எதிரே ஒரு கணம் நின்று இதனை எண்ணுபவரே அத்தீவை முழுமையாகக் கண்டவர் ஆவார்.

மாணவ நேயர்களே, சுருக்கிச் சொல்கிறேன். காற்றை நோக்குக, அலையைப் பத்து நிமிடம் காண்க, ஆழத்தையும் அடித்தளத்தையும் அறிக, ஏறும் வழியை முதலில் முடிவு செய்க, நீரோட்டத்தைக் கேட்டறிக, உடலின் வலிமையை அளந்து, துணையோடு இறங்குக, எதையும் தொடாமல் திரும்புக. இவற்றுள் ஏதேனும் ஒன்று பொருந்தாவிடின், அன்றைக்கு இறங்காமல் கரையிலேயே இருப்பதும் ஒரு தேர்வுதான். இறங்காமல் திரும்பியவரைக் கோழை என்று சிரிப்பவர் இருப்பர். அச்சிரிப்பைத் தாங்கும் வலிமையும் நீந்தும் வலிமையைப்போல் வேண்டிய ஒன்றே.

உங்களில் பலர் கரிபியன் தீவுகளுக்குச் செல்லாமலே போகலாம். அதனால் இந்தப் பேச்சு பயனற்றதாகிவிடாது. நாளை உங்கள் நிலப்படத்தை விரித்து, நான் குறிப்பிடாத ஒரு தீவை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று வீசும் திசையை ஓர் அம்புக்குறியால் வரையுங்கள். ஆறுகள் கடலில் கலக்கும் இடங்களையும், நிலமுனைகளையும், அணைபோன்ற பாறைகளையும் குறியுங்கள். எங்கே இறங்கலாம், எங்கே இறங்கலாகாது, ஏன் என்று ஒரு பக்கம் எழுதி உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். காரணம் எழுதாத விடைக்கு மதிப்பெண் இல்லை என்று அவரிடம் நானே சொன்னதாகச் சொல்லுங்கள்.